காலர் போட்ட ஆடு

தோலுரித்த ஆட்டின் மேல் நீலம் பூசுவது என் வேலை. சாயத்தை வாளியில் கரைத்து, சுவருக்கு வெள்ளையடிக்கும் பிரஷ்ஷால் தொடையிலும் முதுகிலும் விலாவிலும் இழுப்பேன். நீலம் பட்ட கறியை மனிதர்களுக்கு விற்க முடியாது. நாய்த் தீவனத்துக்கு மட்டுமே போகும். அதற்காகத்தான் பூசுவது. சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. இந்தத் தீவில், கேம்பல் பேயில், என் கையைப் பார்த்தே என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள்.

"வந்துட்டாருய்யா கிருஷ்ண பரமாத்மா" என்பார் கப்பல் ஜெட்டி முன்னால் டீக்கடை வைத்திருக்கும் பொன்னம்மா. "மெயின்லேண்டு நாய்ங்க மட்டன் திங்குது. நாம ஜஹாஸ் கப்பல்ல அழுகி வர்ற முட்டைக்கோஸைத் தின்றோம். அடுத்த ஜென்மத்துல மெட்ராஸ்ல நாயாப் பொறக்கணும், அவ்ளோதான்."

"இப்பவே பாதி அப்படித்தானக்கா இருக்கீங்க. கடன் கேட்டா கடிக்க வர்றீங்க" என்பார் ஈஸ்வரன். ஆடுகளைச் சுடுகிறவர் அவர்தான். கடை சிரிக்கும். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவேன்.

அவை சுனாமிக்கு முன் தெற்குச் சாலையில் குடியேறியவர்கள் வளர்த்த ஆடுகள். இங்கே குடியிருப்புகளுக்குப் பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. சாலையில் எத்தனையாவது கிலோமீட்டர் என்பதுதான் விலாசம். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் கடல் வந்து போன பிறகு ஆட்கள் திரும்பவில்லை. தப்பித்த ஆடுகள் தென்னந்தோப்பிலும் மலைச்சரிவிலும் பெருகின. கரையோரம் காடு வளர்க்க நட்ட கன்றுகளையெல்லாம் மொட்டையடித்தன. சுட்டு அகற்ற அனுமதி வந்தது. கறி நாய்த் தீவனமாக வெளியே போக வேண்டும், தீவுக்குள் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. போர்ட் பிளேரில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் சேக் தாவூத் ஒப்பந்தம் எடுத்தார்.

"அறுக்காம சுட்டு விழுந்தது எங்க வீட்டு சட்டியில ஏறாது தம்பி. நாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது" என்றார், என்னை வேலைக்குச் சேர்த்த அன்று. நான் விலங்கியல் படித்தவன் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. போர்ட் பிளேரில் படித்தேன். வீடு பக்கத்தில் கராச்சர்மா. கல்யாணத்துக்குப் பிறகு கேம்பல் பே. மனைவி சௌமியாவுக்கு இங்கே பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. அவள் அப்பாவும் இங்கேதான்.

சௌமியா போன மழைக்காலத்தில் இறந்தாள். கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. இங்கே அறுவை சிகிச்சை செய்ய ஆள் இல்லை. மழை விட்டபின் ஹெலிகாப்டர் வந்தது. அப்போது அது தேவைப்படவில்லை.

அண்ணன் போனில் கராச்சர்மாவுக்கு வரச் சொன்னான். சரி என்றேன். போகவில்லை.

அவள் ஒரு ஆடு வளர்த்தாள். கறுப்பு. நெற்றியில் வெள்ளை. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோல் தலையைத் தாழ்த்தி ஆளைப் பார்க்கும். தலைமை ஆசிரியை அப்படித்தான் பார்ப்பாராம். அதனால் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தாள். அவள் இறந்த பிறகு நான் அதற்குத் தழை போடவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது. எழுந்து போடவில்லை, அவ்வளவுதான். அது சாலையோடு தெற்கே போய்க் காட்டு ஆடுகளுடன் சேர்ந்தது. மாமா, சௌமியாவின் அப்பா, போய்ப் பிடித்து வந்து தன் வீட்டில் கட்டினார். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போனது. சங்கிலி போட்டார். தீனியைத் தொடாமல் படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அவரே அவிழ்த்து விட்டுவிட்டார்.

சுடத் தொடங்கிய முதல் வாரங்களில் ஆடுகள் தோப்பில் நின்று வேடிக்கை பார்த்தன. பிறகு துப்பாக்கி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டன. பிக்கப் வண்டியின் சத்தம் கேட்டாலே மலையேறிவிடும். ஈஸ்வரன் வெறும் வண்டியோடு திரும்ப ஆரம்பித்தார். அப்போதுதான் சேக் தாவூத் காலரை அனுப்பினார்.

ஆரஞ்சு நிறப் பட்டை. அதில் தீப்பெட்டி அளவில் ரேடியோ. கையில் ஆண்டெனாவைப் பிடித்துத் திருப்பினால் காலர் இருக்கும் திசையில் சத்தம் வலுக்கும். இந்த வேலையில் இது பழைய முறைதான். ஆடு தனியாக இருக்காது. ஒரு பெட்டையின் கழுத்தில் காலரைப் போட்டு விட்டால் எங்கே ஒளிந்திருந்தாலும் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். பின்னாலேயே போக வேண்டும். காலர் போட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுட வேண்டும். அது மறுபடி தனியாகும். மறுபடி இன்னொரு கூட்டத்தைத் தேடும்.

"மனுஷன் நெருங்கினா ஓடாத பெட்டையா வேணும், சயின்டிஸ்ட்" என்றார் ஈஸ்வரன். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "உங்க வீட்டு மேடத்தைத் தவிர வேற எது இருக்கு?"

நான் பட்டையின் கொக்கியைத் திறந்து மூடினேன்.

"யோசிச்சுப் பாருடா. முப்பத்தஞ்சுல இருக்கிற ஒவ்வொண்ணும் ஒருநாள் என் முன்னாடி வந்துதான் ஆகணும். புதருக்குள்ள நெத்தி வெள்ளையா கறுப்பான்னு பார்த்துட்டு நிப்பேனா? ஆரஞ்சு தெரிஞ்சா விரலை எடுத்துடுவேன். கசம் சே, சத்தியமா."

அவர் சொன்னது சரி. அந்தச் சரிவில் சுடப்படாத ஒரே ஆடு காலர் போட்ட ஆடுதான். நானே உப்பைக் காட்டி மேடத்தைப் பிடித்துப் பட்டையை மாட்டினேன். அது உயிரோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேண்டியதாக இருந்தது அது ஒன்றுதான். அதனால் ஆண்டெனாவைத் தூக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டேன்.

முதல் முறை ஓடையோரம் ஒரு கூட்டத்தில் இருந்தது. ஈஸ்வரன் நிதானமாகச் சுட்டார். ஆடுகள் ஓடின, விழுந்தன. மேடம் ஓடவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு விழுந்து கிடந்த கிடா ஒன்றை முகர்ந்தது. தலையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தது. பிறகு மலைப்பக்கம் நடந்தது.

"சபாஷ் மேடம்" என்றார் ஈஸ்வரன்.

அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை போனோம். ஆண்டெனாவில் சத்தம் வரும். தாழைப் புதர்களுக்குள் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு போவோம். மேடம் ஒரு புதிய கூட்டத்தோடு இருக்கும். பிறகு தனியாக நிற்கும். ஒருமுறை சுட்டு முடித்தபின் அது பிக்கப் வரை எங்கள் பின்னால் வந்தது. வண்டியில் கிடந்தவற்றின் அருகே நின்றுகொண்டது. விரட்டினோம். போகவில்லை. ஈஸ்வரன் வானத்தில் சுட்டுத்தான் அனுப்பினார்.

ஞாயிறுகளில் மாமா வீட்டில் சாப்பிடுவேன். அவர் பெயர் சொக்கலிங்கம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவோடு சிறு வயதில் சிவகங்கைப் பக்கமிருந்து இங்கே குடியேறியவர். முப்பத்தைந்தில் அவருக்குத் தோப்பும் ஆட்டுப்பட்டியும் இருந்தன. அத்தை மெயின்லேண்டில் மகனோடு இருக்கிறார். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மீன் குழம்பை அவரே வைப்பார்.

"என் பட்டி ஆட்டோட பேரன் பேத்திங்களைத்தான் சுடுறீங்க மாப்பிள்ளை" என்றார் ஒருநாள். கோபமாக இல்லை. "நல்லா சதை போட்டிருக்குமே?"

"இருக்கு மாமா."

"நாய்ங்க குடுத்து வெச்சதுங்க." குழம்பை ஊற்றினார். "அது எப்படி இருக்கு?"

அது என்றால் எது என்று எனக்குத் தெரியும். "சினையா இருக்கு" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எப்ப பார்த்தீங்க?"

"போன வாரம். மடி இறங்கியிருக்கு."

"அப்ப இந்த மாசத்துக்குள்ள போட்டுடும். இது ரெட்டைக் குட்டி போடுற வம்சம்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "ஈஸ்வரன்கிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை. குட்டி எப்பவும் தாய் காலுக்குள்ளதான் நிக்கும்."

ஈஸ்வரனிடம் குட்டிகளை விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"குட்டிக்குக் காலர் கிடையாதேடா" என்றார். "நான் என்ன பண்ணட்டும்? ஒண்ணை விட்டுட்டு வந்தா மேல இருந்து கேக்கிறான். காலர் இல்லாத எதையும் விட்டு வைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துத்தானே வந்திருக்கோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஜஹாஸோட இந்த சீசன் முடியுது. மழை வந்துட்டா ஓடையைத் தாண்ட முடியாது. திரும்ப வர்றதுக்குள்ள அதுங்க வளர்ந்துடும். விடு."

வளர்ந்தாலும் காலர் கிடையாது. மழைக்குப் பிறகு நான் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு போவேன். அது தன் குட்டிகளோடு நிற்கும் இடத்தை நானே காட்டுவேன். சுட்டு முடித்தபின் அது அவற்றை முகரும். இதை நான் யோசிக்கவில்லை. கண் முன்னால் தெரிந்தது, அவ்வளவுதான்.

கப்பல் மறுநாள் காலையில் வருவதாக அறிவித்தார்கள். கடைசிப் பெட்டிகள் ஷெட்டில் உறைந்து கிடந்தன. ஈஸ்வரன் துப்பாக்கியை உறையில் போட்டுக் கட்டிவிட்டார். "முடிஞ்சுது. போய்த் தூங்கு" என்றார். அந்தப் பிற்பகல் நான் மோட்டார் சைக்கிளில் முப்பத்தைந்துக்குப் போனேன். மாமாவின் பழைய பால்பவுடர் டப்பாவில் கல் உப்பைப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். குலுக்கினேன்.

மேடம் தோப்பின் விளிம்பிலிருந்து தனியாக வந்தது. வயிறு பக்கவாட்டில் தள்ளியிருந்தது. உப்பை நக்கும்போது பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். கழுத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தோல் தெரிந்தது. அதைத் தடவிவிட்டேன். இனி யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தோடு மலையேறிப் போகட்டும். குட்டிகள் அங்கே பிறக்கட்டும். காலர் அறுந்து தொலைந்துவிட்டதாக ஷெட்டில் சொல்லிக்கொள்ளலாம். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன். நல்ல தூக்கம் வந்தது. நெடுநாளுக்குப் பிறகு.

காலையில் பெட்டிகளுக்கான காகிதங்களோடு ஜெட்டிக்குப் போனேன். கடல் சாம்பல் நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. ஜெட்டியில் ஆளில்லை.

"கிருஷ்ணா, ஜஹாஸ் நன்கவ்ரித் தீவுலயே நிக்குதாம்" என்றார் பொன்னம்மா. "காத்து அடங்கினாத்தான் வருமாம். நாளைக்கோ, மறுநாளோ. இது என்ன புதுசா? உக்காரு, டீ போடுறேன்."

"ஈஸ்வரண்ணன் வந்தாரா?"

"விடியும்போதே சுடுறதுக்குப் பந்தூக்கோட போயிட்டானே. தாவூத் பாய் போன் பண்ணாராம். ஜஹாஸ் லேட்டு, ஃப்ரீசர்ல இடமிருக்கு, சும்மா இருக்காம இன்னொரு ரவுண்டு போயிட்டு வான்னு சொன்னாராம். உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தான். நீ போன் எடுக்கலையாம்."

நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காலர் போட்ட பை வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை முடுக்கினேன். தெற்குச் சாலை பல இடங்களில் கடலுக்குள் போயிருக்கிறது. அங்கெல்லாம் மண்ணில் இறங்கி ஏற வேண்டும். ஒருமுறை விழுந்தேன். கிலோமீட்டர் கற்கள் மெல்ல மெல்லத்தான் வந்தன. உப்பைக் காட்டிப் பிடித்து மறுபடி மாட்டிவிட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. உப்பு டப்பாவை எடுத்து வரவில்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. வண்டி சத்தத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதா என்று என்னால் சொல்ல முடியாது.

பிக்கப் தோப்பின் ஓரத்தில் நின்றது. ஈஸ்வரனும் அவரோடு போகும் பெங்காலிக்காரர் ஒருவரும் தோலுரித்து முடித்திருந்தார்கள். வண்டியின் பின்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பில் சதை அடுக்கியிருந்தது. தோல்களும் தலைகளும் குழிக்குள் போயிருந்தன. பெங்காலிக்காரர் மண் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வாடா சயின்டிஸ்ட்" என்றார் ஈஸ்வரன். உற்சாகமாக இருந்தார். "உன் ஆண்டெனாவே வேண்டாம் போலிருக்கு. காத்து சத்தத்துல வண்டி வந்தது தெரியல போல, எல்லாம் தோப்புலயே நின்னுச்சு. மேடத்தை மட்டும்தான் காணோம். எங்க போய்..."

என் கையைப் பார்த்தார். காலர் என் கையில் இருந்தது. பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

"அது எப்படிடா உன் கைக்கு வந்துச்சு?"

 அவர் குழியைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். பெங்காலிக்காரரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, ஒன்று சினையாக இருந்தது, இரண்டு குட்டி, இரண்டையும் தாயின் தோலோடு போட்டுவிட்டேன் என்றார்.

"கறுப்பா?"

கறுப்பு என்றார்.

ஈஸ்வரன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் ஆரஞ்சைத்தான்டா பார்ப்பேன்" என்றார். "ஆரஞ்சு இருக்கான்னு மட்டும்தான்டா பார்ப்பேன். சத்தியமா ஒவ்வொண்ணுக்கும் பார்த்தேன்."

"தெரியும்ணே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"ஆமாண்ணே."

அவர் எழுந்து விரிப்பை விலக்கினார். தோல் போன பிறகு எல்லா ஆடும் ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பெங்காலிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஒன்றைக் காட்டினார். பிறகு இன்னொன்றைக் காட்டினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"குழியைத் தோண்டித் தலையையாவது எடுக்கலாம்டா. தனியாப் புதைச்சிடலாம்."

"வேண்டாம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒன்றைத் தனியாகக் கொண்டுபோய்ச் செய்ய வேண்டியதையெல்லாம் போன மழைக்காலத்தில் செய்துவிட்டேன். மறுபடி செய்ய எனக்குக் கை வரவில்லை.

ஷெட்டில் வாளியில் சாயத்தைக் கரைத்தேன். ஈஸ்வரன் வாசலில் நின்றார். "நான் பூசறேன், நீ போ" என்றார். பிரஷ்ஷை நான் கொடுக்கவில்லை. தொடை, முதுகு, விலா. எதிலும் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பூசினேன். பெட்டிகளில் அடைத்து ஃப்ரீசருக்குள் தள்ளினோம்.

மறுநாள் காற்று அடங்கியது. அதற்கடுத்த நாள் கப்பல் வந்தது. ஜெட்டியில் கூட்டம். அரிசி மூட்டைகள், சிமெண்ட், யாரோ வாங்கிய புது வாஷிங் மெஷின் எல்லாம் இறங்கின. எங்கள் பெட்டிகள் ஏறுவதற்காக வரிசையில் இருந்தன. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

"ஈஸ்வரன் சொன்னான்" என்றார். "காலர் எங்கயோ மாட்டி அறுந்திடுச்சாமே."

ஈஸ்வரன் தூரத்தில் கிரேன்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா மாமா."

"மட்டமான சாமான். மெயின்லேண்டுல எதையும் ஒழுங்காச் செய்யறதில்லை." கொஞ்ச நேரம் பெட்டிகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே வெள்ளைத் தெர்மாகோல், ஒரே சிவப்பு எழுத்து. "எந்தப் பெட்டி மாப்பிள்ளை?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்ததைப் பார்த்தேன்.

"அது" என்றேன். வரிசையில் ஒன்றைக் காட்டினேன்.

"மூலையில நசுங்கினதா?"

"ஆமா."

அவர் அதன் அருகே போய் நின்றுகொண்டார். தொடவில்லை. கிரேன் வலையை இறக்கியது. ஆட்கள் பெட்டிகளை வலைக்குள் அடுக்கினார்கள். நசுங்கியது அடியில் போய்விட்டது. அதன் மேல் வேறு பெட்டிகள் ஏறின. வலை தூக்கியது. மாமா தலையை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார், வலை கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும் வரை.

"போயிடுச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தூரப் பார்வை சரியில்லை.

"போயிடுச்சு மாமா."

அடுத்த வலை இறங்கியது. நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போனேன்.